பிராட்ஃபோர்டு நகரத்துக் குழாய்த் தொழிலாளி

இம்மாதம் வேறொரு பொருளைக் குறித்து எழுத எண்ணியிருந்தேன். ஆனால் நமது சபையின் சகோதரன் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி, இந்த மடலின் போக்கையே மாற்றிவிட்டது.

அவர் குழாய் வேலை செய்கிறவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினேழு வயதில் மும்பைக்கு வந்தவர். தாராவியில் உறவினர் வீட்டு மேல்தட்டில் படுத்துக்கொண்டு, பிறருக்குக் கருவிப்பையைச் சுமந்து தொழில் கற்றார். இன்று இரண்டு பையன்களைத் தம்மோடு வைத்துக்கொண்டு, தாமே வேலை எடுத்துச் செய்யும்படி தேவன் அவரை உயர்த்தியிருக்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இங்கே. வயதான தாயார் ஊரில். மூன்று நாள் உபவாசக் கூட்டம் முடிந்த இரவில், எல்லாரும் போனபின் அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"ஐயா, இந்த ரெஞ்சையும் பைப்பையும் பிடித்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் வீணாகப் போவது? ஆண்டவருக்கென்று நான் ஒன்றும் செய்யவில்லையே. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடுகிறேன்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஸ்மித் விகிள்ஸ்வொர்த்தின் பிரசங்கங்கள். "இவரும் பிளம்பர்தானே ஐயா? விட்டுவிட்டுத்தானே வந்தார்?"

அவருக்கு உடனே மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெபித்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி வந்தார். "பாஸ்டரையா, அவர் ஊழியத்துக்குப் போகிறதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அத்தைக்கு மாதாமாதம் மருந்துக்கு அனுப்ப வேண்டும். கூட்டம், கூட்டம் என்று இப்போதே பாதி வேலை நிற்கிறது. நான் விசுவாசமில்லாதவளா?" என்று கேட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த இருவருக்கும் நான் உத்தரவாதி. அந்தச் சகோதரனின் உள்ளத்தில் தம் தொழிலைக் குறித்த வெட்கத்தை விதைத்தவர்களில் நானும் ஒருவன். ஓவர்டைம் பார்த்துவிட்டு இரவுக் கூட்டத்துக்கு வராமற்போனவர்களை நான் பிரசங்கபீடத்திலிருந்து எத்தனையோ முறை குத்திப் பேசியிருக்கிறேன். வலையையும் படவையும் விட்டுவந்த சீமோனைக் குறித்து நூறு முறை பிரசங்கித்திருப்பேன். கொரிந்துவில் ஆக்கில்லாவோடு உட்கார்ந்து கூடாரம் தைத்த பவுலைக் குறித்து (அப்போஸ்தலர் 18:3) எத்தனை முறை பேசியிருப்பேன் என்று எண்ணிப்பார்த்தால், ஒரு கையின் விரல்களே மிஞ்சும்.

விகிள்ஸ்வொர்த்தின் பெயரை நாங்கள் வேதாகமக் கல்லூரி நாட்களிலிருந்தே அறிவோம். விசுவாசத்தின் அப்போஸ்தலன் என்பார்கள். அவருடைய அற்புதங்களைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அவருடைய வீட்டைப்பற்றியும், அவர் கையில் பிடித்த தொழிலைப்பற்றியும் ஒருவரும் கேட்டதில்லை. ஆகையால் அவரோடு நெருங்கிப் பழகிய ஸ்டான்லி ஃபிராட்ஷாம் 1948-இல் வெளியிட்ட வாழ்க்கைச் சரித்திரத்தை, இம்முறை வேறொரு கண்ணோடு மறுபடியும் வாசித்தேன். அந்தச் சகோதரனுடைய மனைவியின் கண்ணோடு வாசித்தேன் என்று சொன்னாலும் தகும்.

ஸ்மித் 1859-ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில், யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள மென்ஸ்டன் என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கூலித் தொழிலாளி. ஒரு குளிர்காலத்தில் தகப்பனாருக்கு ஏழு கஜ நீளமும் ஒரு கஜ ஆழமுமான ஒரு பள்ளம் தோண்டும் வேலை கிடைத்தது. கூலி மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். பனியில் நிலம் கல்லைப்போல இறுகிக் கிடந்தது. சற்றுப் பொறுத்தால் பனி இளகுமே, வேலை எளிதாகுமே என்று மனைவி சொன்னார். ஆனால் வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை, பொறுப்பதெப்படி? கடப்பாறை போன்ற குந்தாலியை எடுத்துக்கொண்டு போய் வெட்டத் தொடங்கினார். மேல் இறுக்கம் உடைந்து உள்ளே ஈரமான களிமண் தட்டுப்பட்டபோது, மார்பு சிவந்த ஒரு சிறு குருவி வந்து, வெளிப்பட்ட புழுவைக் கொத்தி விழுங்கி, பக்கத்து மரக்கிளையில் உட்கார்ந்து பாடிற்றாம். மனம் சோர்ந்திருந்த அந்த மனிதன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு புழுவுக்காக இந்தக் குருவி இப்படிப் பாடுமானால், என் நல்ல மனைவிக்காகவும் நான்கு பிள்ளைகளுக்காகவும் நான் தகப்பனைப்போல உழைக்கக் கூடாதா என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, புதுப்பெலத்தோடு மறுபடியும் வெட்டினார்.

ஸ்மித் வளர்ந்து உலகமெங்கும் அறியப்பட்ட ஊழியரானபின்பும் இந்தச் சம்பவத்தை மறக்கவில்லை. ஒரு தகப்பன் பள்ளம் தோண்டினதை அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு மகன் நினைவில் வைத்திருந்தான் என்றால், அந்த வீட்டில் உழைப்பு எப்படிப்பட்ட சாட்சியாக இருந்திருக்க வேண்டும்! நம்முடைய பிள்ளைகள் நம்மைக்குறித்து எதை நினைவில் வைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. நாம் பேசிய ஜெபத்தைவிட, நாம் தோளில் சுமந்த பையே அவர்களுக்கு நினைவிருக்கக்கூடும்.

ஆறு வயதில் ஸ்மித் வயலில் டர்னிப் கிழங்கு பிடுங்கினார். ஏழு வயதில் தகப்பனோடும் அண்ணனோடும் கம்பளி ஆலைக்குப் போனார். ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு மைல் நடந்து, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வேலை. ஆலைக்குள் ஆறிலிருந்து ஆறு எவ்வளவு நீளமாயிருக்கிறது என்று அந்தக் குழந்தை சொன்னபோது தகப்பனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆறு மணி எப்படியும் வந்தே தீரும், மகனே என்னும் பொருளில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். வேறென்ன சொல்வார்? இதை வாசிக்கிற உங்களில் சிலர் சிவகாசியிலோ திருப்பூரிலோ அந்த வயதிலேயே வேலைக்குப் போனவர்கள். உங்களுக்கு நான் விளக்கிச்சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் இல்லை, எழுத்து இல்லை. ஆனால் எட்டு வயதில், மெதடிஸ்ட் விசுவாசியான பாட்டியோடு போன ஓர் ஆராதனையில் அந்தச் சிறுவன் இரட்சிக்கப்பட்டான். பதின்மூன்றாம் வயதில் குடும்பம் கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்ஃபோர்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. கிராமத்தை விட்டு நகரத்தில் பிழைக்க வந்த குடும்பம் என்பதைக் கவனியுங்கள். அங்கே ஆலையில் நீராவிக் குழாய்களைப் பொருத்துகிற தேவபக்தியுள்ள ஒரு மனிதனுக்கு உதவியாளாக ஸ்மித் அமர்த்தப்பட்டார். அந்த மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கற்றுக்கொடுத்தார்: குழாய்த் தொழிலையும், வேதவசனத்தையும். அவர் நடத்தின வேதாகமக் கல்லூரி ஓர் ஆலையின் கொதிகலன் பக்கத்தில் இருந்தது. மூன்று வருஷம் கட்டிடத்துக்குள் உட்கார்ந்து படித்தவன் நான். அதைச் சொல்வதில் எனக்குச் சிறிது நாணமும் உண்டு.

பதினெட்டு வயதில், காலணியைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டு, சுத்தமான கழுத்துப்பட்டை அணிந்து, ஒரு குழாய்க் காண்டிராக்டர் வீட்டுக்கு வேலை கேட்டுப் போனார். ஆள் தேவையில்லை என்றார் அவர். ஸ்மித் நன்றி சொல்லித் திரும்பி வாசலைத் தாண்டுமுன்பே கூப்பிட்டார். உன்னில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது, உன்னை விட மனமில்லை என்றார். ஒரு வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையைக் கொடுத்தார். ஒரே வாரத்தில் ஸ்மித் வந்து முடிந்தது என்றபோது முதலாளி நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தார். குறையொன்றும் இல்லை. அதற்குப்பின் இந்த வாலிபனுக்குப் போதுமான வேலை தேடிக்கொடுப்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று.

அக்காலத்துக் குழாய் வேலை இன்று நாம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாயை அறுத்துப் பசை தடவி ஒட்டுகிற வேலை அல்ல. ஈயக் குழாய்கள். பிளம்பர் என்னும் சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஈயத்தைக் கையால் வளைத்து, உருக்கிய ஈயவெள்ளீயக் கலவையைத் துணியால் துடைத்துத் துடைத்து மூட்டுப் போட வேண்டும். மூட்டு சரியில்லாவிட்டால் சுவருக்குள் ஒழுகும். போட்டவன் பெயர் பாழாகும். அந்தக் கைத்திறனைப் பெற்ற மனிதன்தான் பிற்பாடு வியாதியஸ்தர்மேல் கை வைத்தான்.

இருபதாம் வயதில் லிவர்பூல் நகரத்துக்குப் போனபோது, சம்பாதித்ததையெல்லாம் அந்நகரத்துத் தெருக்களில் செருப்பில்லாமல் திரிந்த ஏழைப் பிள்ளைகளின் பசிக்குச் செலவிட்டார். இருபத்துமூன்றாம் வயதில் பிராட்ஃபோர்டுக்குத் திரும்பிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1882-ஆம் ஆண்டு பாலி என்று அழைக்கப்பட்ட மேரி ஜேன் ஃபெதர்ஸ்டோன் என்னும் சகோதரியை மணந்தார். பாலி இரட்சணிய சேனையில் இரட்சிக்கப்பட்டு, வல்லமையாய்ப் பிரசங்கிக்கிறவர். ஸ்மித்துக்கோ மேடையில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான்கு வார்த்தை பேசுமுன் அழுதுவிடுவார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த மனைவியே. எழுத்துப்பிழை மாத்திரம் கடைசிவரைக்கும் தீரவில்லையாம். வாசிக்கக் கற்றபின்பு வேதாகமத்தைத் தவிர வேறொரு புத்தகத்தையும் அவர் வாசித்ததில்லை.

அவர்கள் நகரத்தின் ஓர் ஏழைப்பகுதியில் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். பிற்பாடு அது போலண்ட் தெருவில் நிலைபெற்றது. மனைவி பிரசங்கிப்பார். கணவன் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பார். பிரசங்கம் முடிந்ததும் பீடத்தண்டை வருகிறவர்களோடு முழங்காற்படியிட்டு ஜெபிப்பார். வலை வீசுவது அவள் வேலை, மீனைக் கரைசேர்ப்பது என் வேலை என்னும் கருத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணும் நான்கு ஆண்களுமாக ஐந்து பிள்ளைகளைக் கர்த்தர் கொடுத்தார். சகோதரரே, விசுவாசத்தின் அப்போஸ்தலன் என்று நாம் கொண்டாடுகிற மனிதன் இருபது வருஷத்துக்கு மேல் தம்முடைய சபையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவர். நம் சபைகளில் அழுகிற பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகிறவர் யார் என்று அடுத்த ஞாயிறு சற்றுத் திரும்பிப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது, இந்தப் பரிசுத்தவானைக் குறித்து நாம் அதிகம் சொல்லிக்கொள்ளாத பகுதி.

1884-ஆம் ஆண்டுக் குளிர்காலம் பிராட்ஃபோர்டில் மிகக் கொடியதாயிருந்தது. தண்ணீர் உறையும்போது விரியும். ஈயக் குழாய்க்குள் உறைந்த தண்ணீர் குழாயைப் பிளந்துவிடும். உறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பனி இளகியபின் வீட்டுக்கு வீடு சுவரிலும் கூரையிலும் தண்ணீர் கொட்டும். நகரமெங்கும் பிளம்பர், பிளம்பர் என்று கூக்குரல். அந்தச் சேதங்களைச் சரிசெய்ய ஸ்மித்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓய்வில்லாத வேலை வந்தது. பணம் வந்தது. ஜெபம் குறைந்தது. முதலில் வாரநாள் கூட்டங்கள் விட்டுப்போயின. பிறகு ஆராதனைகளும் விட்டுப்போயின. மனைவி எவ்வளவுக்கெவ்வளவு ஆவியில் அனலானாரோ, அவ்வளவுக்கவ்வளவு இவருக்கு எரிச்சல் மூண்டது. அவருக்கு இயற்கையிலேயே முன்கோபம் உண்டு.

ஓர் இரவு பாலி மிஷனிலிருந்து தாமதமாக வந்தார். இந்த வீட்டுக்கு நான் எஜமான், இந்நேரத்துக்கு வருவதை நான் பொறுக்கமாட்டேன் என்றார் ஸ்மித். நீங்கள் என் கணவர், கிறிஸ்துவே என் எஜமான் என்று அமைதியாகப் பதில் வந்தது. அவ்வளவுதான், மனைவியைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். ஆனால் முன்வாசலைப் பூட்ட மறந்துபோனார். பாலி வீட்டைச் சுற்றிவந்து முன்வாசல் வழியாக நுழைந்து சிரித்த சிரிப்பில், கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

நாம் வாசித்துச் சிரிக்கலாம். ஆயினும் ஆணாகிய நான் இதைச் சிரித்துக் கடந்துவிட விரும்பவில்லை. குளிர் இரவில் மனைவியை வாசலுக்கு வெளியே தள்ளின கை அது. அந்தப் பெண்ணின் பொறுமை அற்புதமானதுதான். அதற்காக, கணவனின் செய்கை சிறியதாகிவிடாது. அடிக்கிற கணவனோடு எல்லாவற்றையும் சகித்துக்கொண்டிருக்கும்படி இந்தச் சம்பவத்தைச் சொல்லி எந்தச் சகோதரிக்கும் யாரும் ஆலோசனை கொடுக்க வேண்டாம். ஸ்மித் தாமே தம் கோபத்தைக் குறித்து வெட்கப்பட்டார். பத்து நாள் உபவாசித்து ஜெபித்து, தம் சுபாவத்தை உடைக்கும்படி கர்த்தரிடத்தில் மன்றாடினார். அதற்குப்பின் அவர் வேறு மனிதனானார் என்று அவருடைய வீட்டாரே சாட்சி கொடுத்தார்கள். வெளியே இருக்கிறவர்கள் சாட்சி கொடுப்பது எளிது.

இதில் எனக்குப் பட்ட காரியம் ஒன்று. அவரைப் பின்வாங்கச் செய்தது குழாய் வேலை அல்ல. அதே வேலை, அதே ரெஞ்சு, அதே ஈயம். குணப்பட்டபின்பும் இருபது ஆண்டுக்கு மேல் அதே தொழிலைச் செய்தார். மும்பையில் மழைக்காலத்துக்கு முன்பாக மாடித் தொட்டி, கழிவுக் குழாய் என்று உங்களுக்கும் வேலை குவியும் மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் நீங்கள் சபைக்கு வராதிருந்தால் உங்கள் தொழிலின்மேல் பழியைப் போட எனக்கு எளிதாயிருந்தது. ஆனால் என்னுடைய கேள்வி வேறாக இருந்திருக்க வேண்டும்: வீட்டுக்குத் திரும்பிவரும்போது நீங்கள் எப்படிப்பட்ட முகத்தோடு வருகிறீர்கள்?

பார்க்கப்போனால், அவருடைய ஊழியத்தின் கதவைத் திறந்ததும் அந்தத் தொழில்தான். குழாய்ச் சாமான்கள் வாங்குவதற்காக வாராவாரம் லீட்ஸ் நகரத்துக்குப் போவார். அங்கே தெய்வீக சுகத்துக்காக ஜெபிக்கிற ஒரு கூட்டத்தைக் கண்டார். மறுவாரம் முதல் பிராட்ஃபோர்டிலிருந்து வியாதியஸ்தரைத் தம் சொந்தச் செலவில் கூட்டிக்கொண்டு போனார். சாமான் வாங்கப் போகிற மனிதன். கூடவே இரண்டு மூன்று நோயாளிகள். இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒருமுறை ஒரு வீட்டில் குழாய் வேலை செய்துகொண்டிருக்கையில் அந்த வீட்டு அம்மாள் வந்து, உங்கள் முகத்தில் இருக்கிற மகிழ்ச்சிக்குக் காரணம் என்ன என்று கேட்டாராம். காலையில் தம் பிள்ளைகள் இருவருக்கு உடல்நலமில்லாதிருந்ததையும், ஜெபித்தபோது கர்த்தர் சுகமாக்கினதையும் இவர் சொன்னார். அந்த அம்மாள் அங்கேயே இரட்சிப்பைப் பெற்றுக்கொண்டார். தரையில் கருவிப்பை கிடக்க, பிரசங்கபீடமில்லாமல் நடந்த ஊழியம் அது.

அவருக்குக் குடல்வால் அழற்சி வந்து மருத்துவர் கைவிட்டபோது, வந்த இருவர் ஜெபிக்க, எழுந்து, வேலை ஏதாவது வந்திருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டுக் கருவிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுப்போன கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மருத்துவர் வந்து பார்த்தபோது கட்டில் காலியாயிருந்தது. கர்த்தர் அவருக்குச் செய்தது அது. உங்களுக்கு வயிற்றின் வலப்பக்கம் அப்படி வலித்தால், ஜெபித்துக்கொண்டே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தாமதிக்காதீர்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

1907-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நாற்பத்தெட்டாம் வயதில், சண்டர்லாந்து நகரத்தில் அலெக்சாண்டர் பாடி போதகரின் வீட்டில், போதகரின் மனைவி கை வைத்து ஜெபித்தபோது அவர் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பெற்று அந்நியபாஷையில் பேசினார். வீட்டுக்கு வந்ததும் பாலி விடவில்லை. நானும் அபிஷேகம் பெற்றவள்தான். இருபது வருஷமாய் நான் பிரசங்கித்தேன், நீர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர். இந்த ஞாயிறு நீரே பிரசங்கியும், அதில் என்ன இருக்கிறதென்று பார்க்கிறேன் என்றார். ஸ்மித் ஏசாயா 61-ஆம் அதிகாரத்தைத் திறந்து பேசத் தொடங்கினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாலி, இடம் கொள்ளாமல் இங்குமங்கும் நகர்ந்து, இது என்னுடைய ஸ்மித் அல்லவே ஆண்டவரே என்று அருகிலிருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாராம். மனைவி ஒப்புக்கொண்டபின்புதான் மற்ற ஊர்களிலிருந்து அழைப்புகள் வந்தன. இந்த வரிசையைச் சகோதரர்கள் சற்றே மனதில் வைக்க வேண்டுகிறேன்.

அழைப்புகள் பெருகப் பெருக, தொழில் தானாகவே சுருங்கியது. அவர் ஊரில் இல்லாதபோது வாடிக்கையாளர்கள் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டார்கள். அப்படி ஒருமுறை ஊழியம் முடித்துத் திரும்பிவந்தபோது எல்லாரும் வேறு பிளம்பர்களிடம் போய்விட்டிருந்தார்கள், ஒரே ஒருத்தரைத் தவிர. அவர் ஒரு விதவை. அந்த அம்மாளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. குழாய் ஒழுகி, வீட்டின் உட்கூரையும் கெட்டுப்போயிருந்தது. ஸ்மித் நேரே அவருடைய வீட்டுக்குப் போனார். குழாயைச் சரிசெய்தார். தாமதத்தால் கெட்டுப்போன கூரையையும் சரிசெய்து கொடுத்தார். எவ்வளவு தரவேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டபோது, ஒன்றும் வேண்டாம், இது என் கடைசிக் குழாய் வேலை, இதைக் கர்த்தருக்குக் காணிக்கையாகச் செலுத்துகிறேன் என்றார்.

பின்பு இருந்த கணக்குகளையெல்லாம் தீர்த்துவிட்டுக் கடையை மூடினார். மூடும்போது கர்த்தரிடம் ஒரு நிபந்தனையும் போட்டார். என் செருப்பின் குதிகால் தேய்ந்து வெட்கத்துக்கிடமாகக் கூடாது. முழங்காலில் கிழிந்த கால்சட்டையை நான் அணியும்படி வரக்கூடாது. இவற்றில் ஏதாவது நடந்தால் மறுபடியும் குழாய் வேலைக்குப் போய்விடுவேன் என்றார். பழைய தொழிலை அவர் இழிவாக எண்ணியிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? தேவைப்பட்டால் திரும்பிப்போகத்தக்க கண்ணியமான இடமாகவே அது அவர் உள்ளத்தில் இருந்தது.

அதற்குப்பின் நடந்த ஊழியத்தை நான் எழுதப்போவதில்லை. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நமக்கு அடுத்த இலங்கை வரைக்கும் அவர் போனதை நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஆனால் வீட்டைக் குறித்துச் சொல்லத் தொடங்கினதால் வீட்டைச் சொல்லி முடிக்க வேண்டும். 1913-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புத்தாண்டன்று, பாலி மிஷன் வாசலில் விழுந்து மரித்தார். 1915-இல் இளைய மகன் ஜார்ஜ் மரித்தார். தகப்பனோடு நாடுகள்தோறும் பிரயாணம்செய்து துணைநின்ற மகள் ஆலிஸுக்குச் செவி கேளாமை இருந்தது. எத்தனையோ செவிடர்களுக்காக ஜெபித்த அந்தக் கைகள் தம் மகள்மேல் வைக்கப்படாமலா இருந்திருக்கும்? அவள் செவி திறக்கப்படவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அவரே சிறுநீரகக் கற்களால் மூன்று வருஷம் வேதனைப்பட்டார். வலியோடு படுக்கையிலிருந்து எழுந்துபோய்ப் பிறருடைய சுகத்துக்காக ஜெபித்துவிட்டு, மறுபடியும் வந்து படுப்பார்.

பிள்ளைக்காக ஜெபித்து, பிள்ளையை அடக்கம்பண்ணிய பெற்றோர் நமது சபைகளில் இருக்கிறார்கள். உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இருக்கிறார்கள். விகிள்ஸ்வொர்த்தின் பெயரையே சொல்லி அப்படிச் சொன்னவர்களையும் நான் அறிவேன். அவர்கள் அந்தச் சரித்திரத்தை முழுவதும் வாசிக்கவில்லை. இதற்கு மேல் எனக்கும் விளக்கம் தெரியாது. கேளாத செவியுள்ள மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் பிரசங்கித்தார் என்பது மாத்திரம் தெரியும்.

1947-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி, வேக்ஃபீல்டு நகரத்தில் ஒரு ஊழியரின் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். வயது எண்பத்தேழு. ஆலயத்தின் பின்னறையில் ஒரு நண்பரைக் கண்டதும், வியாதியாயிருந்த அவருடைய மகளைக் குறித்து விசாரித்தார். அந்தப் பெண்ணுக்காக அவர் ஜெபித்திருந்தார். கொஞ்சம் பரவாயில்லை என்று தகப்பன் தயங்கிச் சொன்ன பதிலைக் கேட்டு, ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்த்தார். அப்படியே கர்த்தரிடம் சேர்ந்தார்.

சென்ற வாரம் அந்தச் சகோதரனையும் அவர் மனைவியையும் வீட்டுக்கு அழைத்து, இவற்றையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். முழுநேர ஊழியத்துக்கு வராதே என்று நான் சொல்லவில்லை. கர்த்தர் அழைத்திருந்தால் யார் தடுக்க முடியும்? தன் வீட்டாரை விசாரியாதவனைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதை (1 தீமோத்தேயு 5:8) மூவருமாக வாசித்தோம். தெசலோனிக்கேயாவில் பவுல் இரவும் பகலும் வேலைசெய்துகொண்டே பிரசங்கித்ததையும் (1 தெசலோனிக்கேயர் 2:9) வாசித்தோம். ஊழியத்துக்கு வருவதானால், உன் மனைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாட்சி சொல்லட்டும், தம்பி, அதுவரை நான் உன் தலையில் கை வைக்கமாட்டேன் என்றேன். அந்தச் சகோதரி சிரித்துவிட்டார். அவர் மாத்திரம் சிரிக்கவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெபம் பண்ணுங்கள் ஐயா என்று சொல்லிப் போய்விட்டார். மனம் புண்பட்டுப் போகிறாரோ என்று எனக்கு அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "ஐயா, செம்பூரில் ஒரு வயதான அம்மா. தனியாக இருக்கிறவர்கள். குளியலறைக் குழாய் வேலை. உபவாசக் கூட்டத்துக்காகப் பாதியில் விட்டுவந்துவிட்டேன். மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் பிடிக்கிறார்கள். வழியில் நின்றுதான் பேசுகிறேன். முதலில் அதை முடித்துவிட்டு வந்து உங்களைப் பார்க்கிறேன்" என்றார். பின்னால் ரயில் வரும் சத்தம் கேட்டது. அதற்குள் இணைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டது.